உள்ளே விட்ட துணி

ஆண்களைப் பற்றித் தையற்காரருக்குத் தீர்மானமான ஓர் அபிப்பிராயம் உண்டு. எப்பேர்ப்பட்ட யோக்கியனும் டேப்புக்கு முன்னால் பொய் சொல்வான். கணக்கு வாத்தியாராக இருந்தாலும் சரி, போலீஸ்காரராக இருந்தாலும் சரி, இடுப்பைச் சுற்றி டேப் வந்ததும் வயிறு தானாக உள்ளே போய்விடும். முகத்தை மட்டும் ஒன்றுமறியாத பிள்ளை மாதிரி வைத்துக்கொள்வார்கள். "மூச்ச விடுங்க சார்" என்றால் விட்டுவிட்டதாகத் தலையாட்டுவார்கள், விடமாட்டார்கள்.

அதற்கு அவர் ஒரு தந்திரம் வைத்திருந்தார். டேப்பைப் பிடித்த பிடி விடாமல், அவசரமே இல்லாதவர் போல, "அப்புறம், பையன் என்ன படிக்கிறான்?" என்று கேட்பார். பதில் சொல்ல வாயைத் திறந்துதானே ஆகவேண்டும்? வாய் திறந்தால் மூச்சு வெளியே வரும், மூச்சோடு வயிறும் வெளியே வரும். அந்த நொடியில் அளவைப் படித்து நோட்டில் எழுதிவிடுவார். முப்பது வருஷத்தில் ஒருத்தரும் தப்பியதில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. பேண்ட்டின் பின்பக்கத் தையலில், பக்கத்துக்கு இரண்டு இஞ்ச் துணியை உள்ளே விட்டுத்தான் தைப்பார். மற்ற கடைகளில் ஒரு இஞ்ச் விட்டாலே பெரிய மனசு. "வயிறு வளரும், துணி வளராது" என்பார். இரண்டு வருஷம் கழித்து அதே பேண்ட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஆட்கள் வருவார்கள். பிரித்து, உள்ளே இருப்பதில் கொஞ்சம் வெளியே விட்டு, மறுபடி தைத்துக் கொடுப்பார். கொடுக்கும்போது அவர் முகத்தில் ஒரு புன்னகை இருக்கும். அந்தப் புன்னகைக்காகவே இரண்டு பேர் கடை மாறிப் போயிருக்கிறார்கள்.

வீட்டின் முன்னறைதான் கடை. வெட்டுகிற மேஜை, இரண்டு மெஷின், ஆள் உயரக் கண்ணாடி, ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி. வெட்டுவதும் தைப்பதும் அவர் வேலை. காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, ஓரம் மடிப்பது, பிரிப்பது, இஸ்திரி போடுவது எல்லாம் மனைவியுடையது. அவள் கைத்தையல் விழுந்த இடத்தைத் தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாது. இதை அவரே வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்வார். சொல்லிக்கொண்டே, அதே கை தன் பேண்ட்டில் என்ன செய்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் அது பின்னால் வரவேண்டிய சங்கதி.

அவருடைய இடுப்பு முப்பத்தாறு. அதை அவர் ஒரு நம்பிக்கையாகவே வைத்திருந்தார். காரணம் இருந்தது. அப்பா ஐம்பத்திரண்டு வயதில் போனார். ஆறு வருஷத்துக்கு முன் அண்ணனும் அதே ஐம்பத்திரண்டில் போனார். அண்ணனுக்குக் கடைசியாகத் தைத்த பேண்ட் நாற்பத்திரண்டு. நோட்டில் அந்த எண்ணைப் பார்த்தபோது தையற்காரருக்கு எல்லாம் புரிந்துவிட்டதாகத் தோன்றியது: வயிறுதான் எமன். டாக்டரிடம் போய்க் கேட்கவில்லை. டாக்டர் என்றாலே அவருக்கு உதறல். நேராகப் பழுப்பு நிறத் துணி எடுத்து, அப்போதைய தன் அளவான முப்பத்தாறுக்கு மூன்று பேண்ட் தைத்துக்கொண்டார். இனி செத்தாலும் இந்த மூன்றுதான் என்று முடிவு.

தினமும் காலையில் கொக்கியை மாட்டுவார். மாட்டியதும் இரண்டு விரலை இடுப்புப் பட்டைக்குள் நுழைத்துப் பார்ப்பார். நுழைந்தால் சரி, இன்றைக்குச் சாவு இல்லை. டேப் வைத்துப் பார்ப்பதில்லை. தன் இடுப்பைத் தானே அளந்தால் குனிவதில் அளவு கெடும் என்பது தொழிலில் முதல் பாடம். கொக்கி பொய் சொல்லாது. ஆரம்பத்தில் ஒரு மூன்று நாளைத் தவிர, ஆறு வருஷமாக இரண்டு விரலும் நுழைந்துகொண்டுதான் இருந்தன.

இப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்று முடிந்து எட்டு மாதம்.

இந்த நிலைமையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். குடும்பத்தில் அவனுக்குக் 'கையெழுத்து' என்று பெயர். நல்லதுக்குப் போனாலும் கெட்டதுக்குப் போனாலும் பையிலிருந்து ஒரு காகிதத்தை உருவி, "இங்க ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்" என்பான். அவன் தலை தெருமுனையில் தெரிந்தால் தையற்காரர் அவசர வேலை இருப்பதுபோல் மெஷினை வேகமாக மிதிப்பார். சத்தத்தில் பேச முடியாமல் அவனும் தண்ணீர் குடித்துவிட்டுப் போவான். இப்படியே பதினைந்து வருஷம் ஓட்டிவிட்டார். அன்றைக்கு என்னவோ, மனைவியே நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உக்காருடா, மாமாகிட்ட விவரமா சொல்லு" என்றாள்.

"ஆயுள் பாலிசி மாமா," என்றான் கையெழுத்து. மெஷின் ஓடியது. "சும்மா யாருக்கும் குடுத்துட மாட்டாங்க. டாக்டர் பாக்கணும். ரத்தம், பிரஷர், எடை, இடுப்பு எல்லாம் பாத்து, ஆளு கெட்டியா இருக்காருன்னு எழுதிக் குடுத்தாத்தான்."

மெஷின் நின்றது.

"அப்ப குடுத்தாங்கன்னா?"

"குடுத்தா நீங்க கெட்டின்னு அர்த்தம்."

"சாகப் போறவனுக்குக் குடுக்க மாட்டாங்க?"

"கம்பெனிக்காரன் என்ன லூசா மாமா?"

தையற்காரர் நூலை அறுத்துவிட்டு எழுந்து வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பாலிசி வேண்டாம். அந்தக் காகிதம் வேண்டும். இந்த ஆள் இப்போதைக்குச் சாகமாட்டார் என்று, விவரம் தெரிந்த ஒரு கம்பெனி, சீல் வைத்துச் சொல்லவேண்டும். கொக்கி சொல்வதையே அவர்களும் சொல்லிவிட்டால் ஐம்பத்திரண்டை ஒரு கை பார்த்துவிடலாம். டாக்டரிடம் நேராகப் போகிற தைரியம் அவருக்கு வரவே வராது. இது அப்படியில்லை, வேறு காரியமாகப் போகிற வழியில் டாக்டரும் நிற்கிறார், அவ்வளவுதான்.

கையெழுத்து விண்ணப்பப் பாரத்தை விரித்தான்.

"அப்பா எத்தன வயசுல போனாரு?"

"அம்பத்திரண்டு."

"எதனால?"

"உக்காந்திருந்தாரு. அப்புறம் இல்ல."

கையெழுத்து 'இதயம்' என்று எழுதிக்கொண்டான். "அண்ணன்?"

"அம்பத்திரண்டு."

பேனா நின்றது. "அவரும் உக்காந்திருந்தாரா?"

"நின்னுக்கிட்டிருந்தாரு."

அதற்கும் 'இதயம்' என்றே எழுதினான். "உங்க வயசு?"

"அம்பத்தொண்ணு, எட்டு மாசம்."

"மாசம் எழுதக் கட்டம் இல்ல மாமா. இடுப்பளவு?"

"முப்பத்தாறு!" என்றார் தையற்காரர். இருபது வயதில்கூட அவர் அப்படி மார்பை நிமிர்த்தியதில்லை. "ஆறு வருஷமா ஒரு நூல் மாறல. எழுதிக்க."

மூலையில் பட்டன் வைத்துக்கொண்டிருந்த மனைவி "ஸ்ஸ்" என்று விரலை உதறி வாயில் வைத்துக்கொண்டாள். இருபத்தைந்து வருஷத்தில் அவள் விரலில் ஊசி ஏறியது அதுதான் இரண்டாவது தடவை.

பத்து நாள் கழித்துப் பரிசோதனை. கையெழுத்து ஏழு கட்டளைகளை எழுதிக் கண்ணாடியின் ஓரத்தில் குண்டூசியால் குத்திவைத்துவிட்டுப் போனான். உப்பு கூடாது. இனிப்பு கூடாது. பொரித்தது கூடாது. டீ ஒருவேளைதான். தினமும் முக்கால் மணி நடக்கவேண்டும். எட்டு மணிநேரம் தூங்கவேண்டும். ஏழாவது, எதையும் நினைத்துக் கவலைப்படக் கூடாது.

முதல் ஆறையும் ஒருவழியாகச் சமாளித்தார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று முணுமுணுத்துக்கொண்டேனும் சாப்பிட்டார். ஏழாவதுதான் உயிரை வாங்கியது. "கவலப்படாதன்னு எழுதி வெச்சுட்டான்," என்றார் மனைவியிடம். "காலைல எழுந்ததும் அதத்தான் படிக்கிறேன். படிச்சதும், அய்யோ கவலப்படுறோமேன்னு கவல வந்துடுது."

விஷயம் வாடிக்கையாளர்கள் வரை போயிற்று. அளவு கொடுக்க வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை கொடுத்தார்கள். இத்தனை வருஷம் அவர் டேப்பில் மாட்டித் தவித்தவர்களல்லவா, இப்போது அவருடைய முறை என்றதும் அவர்களுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். லாரி டிரைவர், போகிற அன்றைக்குக் காலையில் நான்கு லிட்டர் தண்ணீர் குடித்தால் கெட்டதெல்லாம் கரைந்துவிடும் என்றார். கணக்கு வாத்தியார், பிரஷர் பார்க்கும்போது மனதுக்குள் பதினேழாம் வாய்ப்பாடு சொன்னால் நல்லது என்றார். "உங்களுக்கென்ன மாஸ்டர், முப்பத்தாறு இடுப்பு" என்று சொல்லிவிட்டுப் பார்வையை அவசரமாக வேறு பக்கம் திருப்பினார்.

கையெழுத்து ஒத்திகைக்காகப் பிரஷர் பார்க்கிற மெஷின் ஒன்றையும் கொண்டுவந்து வைத்திருந்தான். கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினால் உறுமிக்கொண்டு இறுக்கும். முதல் நாள் நூற்று அறுபத்தெட்டு காட்டியது. மனைவிக்கு நூற்றுப் பதினெட்டு. வாத்தியாருக்கு நூற்று இருபத்து நாலு. தையற்காரர் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எப்படிச் சரியாக் காட்டும்? ஓரத் தையல் பூரா கோணலா இருக்கு பாரு."

பட்டையைப் பிரித்து, காற்றுப்பையில் ஊசி படாமல் ஓரத்தை நேராக அடித்து, நூல் அறுத்து, மறுபடி கையில் சுற்றிப் பார்த்தார். நூற்று எழுபத்திரண்டு.

"தையல் நேராயிடுச்சு," என்றாள் மனைவி.

ஒன்பதாம் நாள் முழு ஒத்திகை. மனைவிதான் டாக்டர். நாக்கை நீட்டச் சொன்னாள், நீட்டினார். கண்ணை மேலே பார்க்கச் சொன்னாள், பார்த்தார். "ஆ" சொல்லச் சொன்னாள். தெருவில் போன ஒருத்தர் நின்று எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னார்.

"இடுப்ப அள," என்று கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"அது எதுக்கு? உங்களுக்குத் தெரியாத அளவா?" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அடுப்பு அப்போது அணைந்திருந்தது.

பரிசோதனை நாளும் வந்தது. கொக்கியை மாட்டி, இரண்டு விரல் நுழைத்துப் பார்த்துக்கொண்டார். நுழைந்தன. ஆனால் இடைஞ்சலாக நுழைந்தன. தண்ணீர்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டார். டிரைவர் சொன்ன நான்கு லிட்டரையும் குடித்து முடித்திருந்தார். கழுத்தில் எப்போதும் தொங்குகிற டேப்பை மனைவி கழற்றி ஆணியில் மாட்டினாள். "அங்க போய் யாரையும் அளக்க வேணாம்" என்றாள். அவள் செருப்பு மாட்டப் போன சமயம் பார்த்து அதை எடுத்துச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். டேப் இல்லாமல் வெளியே போவது அவருக்குப் பல்செட் மாட்டாமல் போவது மாதிரி.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே முதல் மாடியில் அந்தக் கிளினிக் இருந்தது. ஒன்றோடொன்று சேர்த்துப் பிணைத்த நாற்காலிகள். ஒருத்தர் இருமினால் வரிசை முழுவதும் ஆடியது. கையெழுத்து முன்னமே வந்து காத்திருந்தான். கனத்த சரீரமும் கறாரான குரலுமாக ஒரு நர்ஸம்மா வந்து சின்னக் குப்பி ஒன்றைக் கொடுத்து, கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டினார். தையற்காரர் போய், நிரப்பி, பத்திரமாகக் கொண்டுவந்து வைத்தார்.

"இன்னொண்ணு குடுத்தீங்கன்னா..." என்றார் நெளிந்துகொண்டே.

"இது என்ன போட்டியா? ஒண்ணு போதும்," என்றார் நர்ஸம்மா.

ரத்தம் எடுத்தார்கள், கண்ணை மூடிக்கொண்டார். எடை பார்த்தார்கள், அப்போதும் மூடிக்கொண்டார். உயரத்துக்கு மட்டும் கண்ணைத் திறந்தார், உயரம் எப்போதும் ஒன்றுதான் என்ற தைரியத்தில். பிறகு நர்ஸம்மா மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு துணி டேப்பை எடுத்தார்.

தையற்காரரின் வயிறு உள்ளே போயிற்று. அவர் போகச் சொல்லவில்லை, அதுவாகத்தான் போயிற்று. முகத்தை ஒன்றுமறியாத பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டார்.

"மூச்ச விடுங்க," என்றார் நர்ஸம்மா.

விட்டுவிட்டதாகத் தலையாட்டினார். நர்ஸம்மாவுக்கும் முப்பது வருஷ அனுபவம் இருக்கும்போல. டேப்பைப் பிடித்த பிடி விடாமல் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம்தான் தாக்குப்பிடிப்பார் மனிதர்? கடைசியில் புஸ்ஸென்று விட்டார்.

"முப்பத்தொம்பது."

"முப்பத்தாறு," என்றார் தையற்காரர்.

"முப்பத்தொம்பதுங்க."

"அம்மா, நான் தையற்காரன். இந்தப் பேண்ட் நான் வெட்டினது. முப்பத்தாறு. உங்க டேப்புதான் தப்பு." டேப்பை வாங்கி இழுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அதானே பாத்தேன்! துணி டேப். வருஷக்கணக்கா இழுத்து இழுத்து இது நீண்டுபோயிருக்கு. ஒண்ணாந்தேதிக்கு ஒண்ணாந்தேதி இரும்பு ஸ்கேல்ல வெச்சுப் பாத்தாத்தான் டேப்பு. இல்லாட்டி நாடா."

சட்டைப்பையிலிருந்து தன் டேப்பை எடுத்தார். மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, வேணாம், விடுங்க" என்றாள். அவர் காதில் விழவில்லை. இரண்டு டேப்பையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் நீட்டினார். நர்ஸம்மாவின் முப்பத்தொன்பது, அவருடைய நாற்பதுக்கு நேராக வந்து நின்றது.

"பாத்தீங்களா! ஒரு இஞ்ச் நீளம்!" என்று வெற்றியோடு நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

டேப் நீண்டிருந்தால் அளவு குறைத்துக் காட்டும். தொழிலுக்கு வருகிற எவருக்கும் முதல் மாதமே தெரிகிற கணக்கு. அப்படியென்றால் அவர் முப்பத்தொன்பது இல்லை.

"நாப்பது," என்று நர்ஸம்மா எழுதிக்கொண்டார். "நல்லவேள சொன்னீங்க. இல்லாட்டி ஒரு இஞ்ச் கம்மியாப் போயிருக்கும்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். டேப்பாலும் கெடும்.

அடுத்து டாக்டரம்மாவின் அறை. தையற்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார், ஆனால் அங்கே இல்லை. நாற்பது, நாற்பது என்று மண்டைக்குள் அடித்துக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு போனால் அண்ணன். பட்டை கையை இறுக்கியது. பதினேழாம் வாய்ப்பாடு இரண்டு வரிக்கு மேல் நினைவுக்கு வரவில்லை. நூற்று எழுபத்தாறு.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. எண்ணைக் குறித்துக்கொண்டு, "என்ன பாக்குறீங்க?" என்று கேட்டாள். அவர் அவளுடைய வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னாத் தப்பா நெனக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"தோள் ரெண்டு விரல் எறங்கியிருக்கு. கை நீளம். ரெடிமேடா வாங்கினீங்களா?"

"ஆமா. இதுலதான் கைய மடிச்சு மடிச்சு விட்டுக்கிறேன்."

"மடிக்கவே கூடாது. தோள்ல பிரிச்சு ஏத்தணும். தோளை ஏத்தினா கை தானா மேல வந்துடும்..." தையற்காரர் சொல்லிக்கொண்டே போனார். காலரையும் பையையும் பற்றிக்கூடப் பேசினார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே டாக்டரம்மா இன்னொரு தடவை பொத்தானை அமுக்கியிருந்தாள். நூற்று ஐம்பத்திரண்டு.

"பயத்துக்கு ஒரு இருபத்து நாலு போச்சு. மிச்சம் நிஜம்," என்றாள். "சக்கரையும் எல்லைக்கோட்டுலதான் நிக்குது. முடிவு கம்பெனியோடது. ஆனா எனக்குத் தெரிஞ்சு இப்பக் குடுக்க மாட்டாங்க. ஆறு மாசம் தள்ளி வெச்சு, மறுபடி பாக்கச் சொல்லுவாங்க."

தையற்காரருக்கு வாய் உலர்ந்துபோயிற்று. நான்கு லிட்டர் தண்ணீர் எங்கே போயிற்றோ. "அப்ப நான் கெட்டி இல்ல," என்றார்.

"நான் அப்படிச் சொல்லலியே."

"அப்பாவும் அண்ணனும் அம்பத்திரண்டுல போயிட்டாங்கம்மா. எனக்கு இன்னும் நாலு மாசத்துல அம்பத்திரண்டு." இதை அவர் இதற்குமுன் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மனைவியிடம்கூட.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "அவங்களுக்குப் பிரஷர் எவ்வளவு இருந்துச்சு?"

"பாத்ததே இல்லியே. எங்க வீட்டுல யாரும் டாக்டர்கிட்ட போற வழக்கமில்ல."

"அப்ப அவங்க எதுக்குப் போனாங்கன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உங்களோடது எவ்வளவுன்னு இப்பத் தெரியும். மாத்திர எழுதித் தர்றேன். நடங்க, உப்பக் குறைங்க. பத்து நாள் நடந்தா ஒண்ணும் ஆகாது, விடாம நடக்கணும். ஆறு மாசம் கழிச்சு வாங்க. வரும்போது என் கோட்டச் சரிபண்ணிக் குடுங்க."

வீட்டுக்கு வரும் வழியில் கையெழுத்து மட்டும்தான் பேசினான். தள்ளிவைப்பது வேறு, மறுப்பது வேறு என்று விளக்கிக்கொண்டே வந்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் தையற்காரர் உள்ளே போய் லுங்கிக்கு மாறினார். கழற்றிய பேண்ட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டு, உட்புறம் வெளியே வரும்படி திருப்பினார். கையெழுத்துக்குத் திடீரென்று யாரையோ பார்க்கவேண்டிய ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்குக் கையெழுத்துக் கேட்காமலே கிளம்பிப் போனான்.

பின்பக்கத் தையலைப் பிரித்தார். பக்கத்துக்கு இரண்டு இஞ்ச் இருக்கவேண்டிய இடத்தில் தையல் பிடிப்புக்கு மட்டும் ஒரு நூலளவு துணி மிஞ்சியிருந்தது. தையலுக்கு இந்தப் பக்கம் பழைய ஊசித்துளைகள், வரிவரியாக. பிரித்த தையலின் தடம் துணியில் போகவே போகாது; அதை மட்டும் எந்தக் கைகாரியாலும் மறைக்க முடியாது. தான் போட்ட முதல் தையலை விட்டுவிட்டு, விரல் வைத்து எண்ணினார். எட்டு வரிகள். வரிக்கு வரி கால் இஞ்ச். இரண்டு பக்கமும் சேர்த்தால் தடவைக்கு அரை இஞ்ச்.

முப்பத்தாறிலிருந்து நாற்பது வரை அங்கே ஒரு வரி விடாமல் இருந்தது.

"எல்லா பேண்ட்டுலயுமா?" என்று கேட்டார்.

"மூணுலயும்," என்றாள் மனைவி. மூலையில் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் தையல் எதுவும் இல்லை. "இஸ்திரி போடுறப்ப."

"ஊரெல்லாம் முப்பத்தாறுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனேடி! டாக்டர் முன்னாடி போய் மானம் போச்சு! ஆறு வருஷமா என்ன மடையனாக்கி வெச்சிருக்க!"

"ஆமா," என்றாள் அவள். தயக்கமே இல்லை. "உங்க அண்ணன் தவறிப்போன வருஷம், ஒருநாள் கொக்கி மாட்டல. ஞாபகமிருக்கா? மூணு நாள் சாப்பிடல நீங்க. வெட்டுற மேசையில கைய வெச்சுக்கிட்டு அப்படியே நின்னீங்க. வாங்க டாக்டர்கிட்ட போலாம்னு கெஞ்சினேன். எழவு வீட்டுக்குக் கூப்பிட்ட மாதிரி என்னப் பாத்தீங்க. நாலாம் நாள் அர இஞ்ச் விட்டுத் தச்சேன். கொக்கி மாட்டுச்சு. அன்னிக்கு நீங்க பாட்டுப் பாடிக்கிட்டே வெட்டினீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்? எனக்கு ஊசிதான் பிடிக்கத் தெரியும்."

அவர் பிரித்த நூலை எடுத்துக் கீழே போட்டார்.

"நீங்க ரெண்டு இஞ்ச் விட்டு வெச்சிருந்தீங்க. அதுவரைக்கும் சமாளிச்சேன். போன மாசம் கடசி வரி. அதுக்கு மேல விடுறதுக்குத் துணி இல்ல. ராவும் பகலும் யோசிச்சேன். நான் கூப்பிட்டா டாக்டர்கிட்ட வரமாட்டீங்க, காகிதத்துக்குன்னா வருவீங்க. அதான் தம்பிய வரச் சொன்னேன்."

தையற்காரர் மெல்ல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான்கு மாதம் கழித்து வரப்போகிற ஐம்பத்திரண்டைத் தான் ஒருவனே தனியாகச் சுமப்பதாக இத்தனை வருஷம் நினைத்திருந்தார். அவள் ஆறு வருஷமாகக் கால் இஞ்ச் கால் இஞ்சாக அதற்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கோபம் எங்கே போயிற்றென்று தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. எட்டாவது வரியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"இந்தக் கடசி வரி கொஞ்சம் கோணல்," என்றார்.

"கை நடுங்குச்சு," என்றாள்.

அவர் எழுந்து, சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்து அவளிடம் நீட்டினார். அளவு நோட்டைத் திறந்தார். ஊரில் பாதிப் பேருக்கு அதில் பக்கம் இருந்தது, அவருக்கு இல்லை. புதுப் பக்கத்தில் 'நான்' என்று எழுதி அடிக்கோடு போட்டார். பிறகு கையைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றார்.

அவள் டேப்பைச் சுற்றினாள். அவர் வயிறு உள்ளே போயிற்று.

"மூச்ச விடுங்க."

விட்டுவிட்டதாகத் தலையாட்டினார்.

அவள் டேப்பைப் பிடித்த பிடி விடவில்லை. அவசரமே இல்லாதவள் போல, கண்ணாடியில் குத்தியிருந்த ஏழு கட்டளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்புறம்," என்று கேட்டாள், "ஆறு மாசம் கழிச்சு அந்த நர்ஸம்மா முன்னாடி யாரு போய் நிக்கப்போறது?"

தந்திரம் அவருடையது. அவருக்குத் தெரியாதா? உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"நான்தான்," என்றார். சொன்னதும் ஆறு வருஷத்து மூச்சும் வெளியே வந்தது.

"நாப்பது," என்றாள் மனைவி. "எழுதிக்கங்க."